கொப்பி கொடுத்த பிறகு: வன்னியில் கல்வி உதவி தொடங்க வருவோருக்கு

புதிய தவணை தொடங்கும் வாரத்தில் வன்னியில் எந்தப் பாடசாலைப் பக்கம் போனாலும் ஒரு பதாகை தொங்கும். வெளிநாட்டில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள், இல்லாவிட்டால் ஊரில் காலமான ஒருவரின் ஆண்டு நினைவு. அதை முன்னிட்டுக் கற்றல் உபகரணங்கள் வழங்கல். பிள்ளைகள் வரிசையில் வந்து கொப்பிக் கட்டை வாங்கி, கமராவைப் பார்த்து நின்றுவிட்டுப் போவார்கள். கொடுப்பவர் மனதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பாடநூல்களை 1980 தொடக்கம் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. சீருடைத் துணியும் வருகிறது. கொப்பி இல்லாமல் படிப்பை விட்ட பிள்ளையை இங்கே தேடித்தான் பிடிக்கவேண்டும். பஸ் இல்லாமல் விட்டது, கணித ஆசிரியர் இல்லாமல் விட்டது, அம்மாவோடு கச்சான் ஆயப் போய்ப் போய் வகுப்பில் பின்தங்கி விட்டது என்றால் ஊருக்கு ஊர் காட்டலாம்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய கல்வி நிதியைத் தொடங்க நினைத்தால் எதிலிருந்து தொடங்குவது, எதை விடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: ஓர் ஊரை எடுங்கள், அந்த ஊர்ப் பிள்ளைகள் படிப்பில் தடுக்கி விழும் ஓரிடத்தை எடுங்கள், அந்த இடத்தில் சிறிய தொகையை இடைநிறுத்தாமல் கொடுங்கள்.

1. முதலில் ஊர்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நாலு மாவட்டம் பரந்து கிடக்கிறது வன்னி. "வன்னி மாணவருக்கு உதவி" என்று பெரிதாகத் தொடங்கும் நிதி எந்த ஊருக்கும் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. ஏ9 வீதியை ஒட்டிய பாடசாலைகளுக்கு வந்துபோகிறவர்கள் கூட. உதவியும் அங்கேயே இறங்கிவிடும். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களின் உள்ளூர்களுக்கு வாகனம் திரும்புவது குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்கு வரும் உதவியில் பெரும்பகுதி சொந்தபந்தம் பார்த்து வருவது. கனடாவிலும் சுவிசிலும் ஆட்கள் உள்ள ஊருக்கு ஒரு பாடசாலைக்கு மூன்று சங்கம் இருக்கும். 1970களிலும் அதன் பிறகும் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வாழும் ஊர்களில் பலதுக்கு அப்படி ஒருவரும் இல்லை. காணி உறுதியும் இல்லாமல், கூலி வேலையை நம்பியிருக்கும் அந்த ஊர்களை முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஊருக்குப் போனதும் அதிபரையும் கிராம அலுவலரையும் சந்திப்பது வழமை. அதோடு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியையும் முன்பள்ளி ஆசிரியையையும் கண்டு கதையுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் பாண்ட் வாத்தியத்திலிருந்து மதில் வரைக்கும் பட்டியல் வரும். அதை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: ஐந்து வருடத்துக்கு முன் தரம் 6இல் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இந்த வருடம் தரம் 11இல் எத்தனை பேர் மிச்சம்? சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்தவர் எத்தனை பேர்? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வெற்றிடம், எவ்வளவு காலமாக? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

பாடசாலை வளவுக்குள் வகுப்பு நடத்துவதென்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுத்துக்கொண்டே தொடங்குங்கள். அதிபரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பித் தொடங்கினால் அவர் இடமாற்றமாகிப் போகும்போது வகுப்பும் போய்விடும்.

2. எந்த இடத்தில் விழுகிறார்கள்

வன்னியில் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் விழுகிறார்கள்: தரம் 8, 9இல் கணிதத்தில், சாதாரண தரம் முடிந்து உயர்தரத்துக்குப் போகும்போது, உயர்தரம் முடிந்து கம்பஸ் (பல்கலைக்கழக) படலையைத் தாண்டும்போது. மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போகாதீர்கள்.

முதலாவதுதான் மலிவானது, ஆனால் ஆட்கள் குறைவாகத் தொடுவதும் அதைத்தான். உயர்தரம் படிக்கச் சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் மூன்று பாடத்துக்கு C வேண்டும் என்பது பொதுவான விதி. வன்னியில் அந்தப் பாலத்தை உடைப்பது அனேகமாகக் கணிதம். அதுவும் தரம் 11இல் உடைவதில்லை. தரம் 9 பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். 1/2 உம் 1/3 உம் கூட்டினால் 2/5 என்று எழுதி, அடியில் அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடும் போட்டிருக்கும். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள் புத்தகம் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? ஒரு தோடம்பழத்தையோ றொட்டியையோ வெட்டிக் காட்டிப் பின்னத்தைத் திரும்பத் தொடங்க ஒருவர் வேண்டும். வெட்கப்படாமல் பிழைவிட ஓரிடம் வேண்டும்.

அந்த ஒருவர் ஊரிலேயே இருக்கிறார். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள். சும்மா இருக்கிறார்கள் என்று சொல்லமுடியாது. காசு தேவைப்பட்டு ஆடைத் தொழிற்சாலைக்கோ கடைக்கோ போய்விடுவார்கள், சிலர் திரும்பி வருவதில்லை. அவர்களுக்கு ஒரு மாதக் கொடுப்பனவு கொடுத்து, சனசமூக நிலையத்தில் கிழமைக்கு மூன்று நாள் பின்னேர வகுப்பு எடுக்கச் சொன்னால் ஒரே காசில் இரண்டு பிள்ளைகள் நிமிர்வார்கள். வகுப்பில் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்கவேண்டாம். காட்டோரத்து ஊர்களில் யானைப் பயம் உண்டு. இருட்ட முன் வகுப்பை முடித்து, யாராவது ஒரு தாய் கூட வந்து பிள்ளைகளை வீடுகளில் விடட்டும். அந்தத் தாய்க்கும் ஒரு சிறு தொகை கொடுங்கள்.

புலமைப்பரிசில் வகுப்புக்குக் காசு தருகிறோம் என்று வருகிறவர்கள் நிறைய. பெற்றோருக்கும் அதில்தான் ஆசை. தரம் 5க்கு ஊரே சேர்ந்து இழுக்கிறது, தரம் 9ஐ ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் காசை அங்கே போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது இடத்தில் செலவு கூட. விஞ்ஞானப் பிரிவும் கணிதப் பிரிவும் 1ஏபி என்று வகைப்படுத்திய பாடசாலைகளில்தான் உண்டு. உள்ளூர்ப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும் இருந்தால், சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு A எடுத்த பிள்ளையும் கலைக்குத்தான் போகும். விரும்பிக் கலை படிப்பது வேறு, பஸ் இல்லாததால் கலை படிப்பது வேறு. இ.போ.ச. (அரச) பஸ்ஸில் மாணவர் சீசன் (சலுகைப் பயணச்சீட்டு) உண்டு. தனியார் பஸ்ஸில் அது செல்லாது. காலையில் ஒரேயொரு இ.போ.ச. ஓடும் வழியில் அது பழுதானால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் பிள்ளைகள் விடிய முன் சைக்கிளில் பிரதான வீதிக்கு வந்து, தெரிந்த கடையில் சைக்கிளைச் சாத்திப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவதைக் காணலாம். சப்பாத்து பைக்குள் இருக்கும், கிரவல் புழுதி படாமல். இந்தப் பிள்ளைக்குத் தேவை: ஒரு நல்ல சைக்கிள், தனியார் பஸ் காசு, சனி ஞாயிறு ரியூசன் காசு, மத்தியானச் சாப்பாடு. நாலும் சேர்ந்தால்தான் உதவி. சைக்கிளை மட்டும் கொடுத்துப் படம் எடுத்தால் அடுத்த மாதம் அந்தச் சைக்கிளில் தம்பி விறகு ஏற்றுவான்.

கெட்டிக்காரப் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று சிலர் வருவார்கள். அவசரப்படாதீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் வன்னியின் நாலு மாவட்டமும் உண்டு. பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவர் என்பதை உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எங்கே படித்தார் என்று பார்த்தே முடிவுசெய்வார்கள். வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு தமிழிலும் வருகிறது. அதை வாசித்து விளங்காமல் ஒரு பிள்ளையின் பாடசாலையை மாற்றவேண்டாம்.

3. யாருடைய பெயரில்

புதுச் சங்கம், புது இலச்சினை, புதுப் பெயர்ப்பலகை எதுவும் தொடக்கத்தில் வேண்டாம். சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் என்று பதிவோடு இருக்கும் ஒன்றுக்குள் கல்வி உபகுழுவாக உட்காருங்கள். இரண்டு மூன்று வருடம் ஓடி, தொகையும் பெருகினால் பிரதேச செயலகத்தில் தனியாகப் பதியலாம். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனியாகவும் பதிய வழி உண்டு. அதற்கு ஒரு சட்டத்தரணியையும் கணக்காளரையும் பிடியுங்கள்.

வங்கிக் கணக்கில் மூன்று பேர் கையொப்பம், எடுக்க இரண்டு பேர் போதும். மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. வெளிநாட்டுக் காசு வங்கி மூலம் அந்தக் கணக்குக்கே வரவேண்டும். உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆள்மூலம் அனுப்புவது) கெதி என்பார்கள், நல்ல விலையும் தருவார்கள். வேண்டாம்.

வெளியிலிருந்து எவ்வளவு வந்தாலும் ஊர்க்காசும் கொஞ்சம் சேரவேண்டும். இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. உலையில் போடமுன் ஒரு பிடியை எடுத்து வைத்துப் பொதுக்காரியத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி வடக்கில் பழைய வழமை. 1970களின் பிற்பகுதியில் வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தீயம் என்ற அமைப்பு, மலையகத்திலிருந்து வந்தவர்களைக் குடியேற்றியபோது முன்பள்ளிகளையும் கூடவே நடத்தியது. இன்றைக்குக் காலபோக அறுவடை முடிய வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல், கடைக்காரர் மாதம் ஒரு தொகை, கோயில் அன்னதான உபயகாரர் ஒரு நாள் உபயத்தைப் படிப்புக்கு மாற்றிக் கொடுப்பது என்று கேட்டால் ஊர் இல்லையென்று சொல்லாது. காசின் அளவு முக்கியமில்லை. காசு போட்டவர் கணக்குக் கேட்பார்; கணக்குக் கேட்க ஊரில் ஆள் இருந்தால் நிதி நேராக ஓடும்.

பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் கொடுக்க வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். "ஒரு நாள் நூறு பிள்ளைக்குக் கொப்பி கொடுக்கிற காசில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் பஸ் காசு கொடுக்கலாம், அண்ணை. அப்பாவின் பெயரிலேயே கொடுப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப்பேர் சம்மதிப்பார்கள்.

4. கணக்கு

ஒரு உயர்தரப் பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உயர்தரத்துக்கு இரண்டு வருடம், பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இன்னொரு வருடம் என்று 36 மாதம்: 180,000. ஐந்து பிள்ளை என்றால் 900,000. முதல் பிள்ளையின் பெயரை எழுதமுன் இதில் பாதியாவது வங்கியில் இருக்கவேண்டும். மிச்சத்துக்கு மாதாமாதம் போடுவோம் என்று பெயர் கொடுத்த ஆட்கள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஐந்தை மூன்றாக்குங்கள். உதவியை நம்பி உயிரியல் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் மாதம் காசு நின்றால், உதவியே கிடைக்காமல் இருந்ததைவிட மோசம். விலைவாசி ஏறும், வருடத்துக்கு ஒருமுறை பஸ் காசையும் ரியூசன் காசையும் விசாரித்துத் தொகையைத் திருத்துங்கள்.

5. பிள்ளையைத் தெரிவது

சரி, காசு இருக்கிறது, கேட்கிறவர்கள் நாற்பது பேர். யாருக்கு?

அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரி உதவிப் பட்டியலில் பெயர் இருப்பதை ஓர் அடையாளமாக எடுக்கலாம், அதையே முடிவாக எடுக்காதீர்கள். தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண். அங்கே போரைப் பற்றிக் கேட்காதீர்கள். 2009ஐப் பற்றி, முள்ளிவாய்க்காலைப் பற்றி, செட்டிகுளம் முகாமைப் பற்றி அந்தத் தாய் எத்தனையோ நிறுவனத்தின் படிவத்துக்குச் சொல்லி அழுதிருப்பார். "அப்பா எப்படிச் செத்தவர்?" என்பது கல்வி உதவி விண்ணப்பத்தில் இருக்கவேண்டிய கேள்வி இல்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள், எழுதாதீர்கள்.

பின்னேரம் நாலு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள், பிள்ளை எங்கே இருந்து படிக்கும், நுண்கடன் கிழமைக் கட்டணம் ஏதும் இருக்கிறதா, தம்பி தங்கையைப் பார்ப்பது யார் என்று கேளுங்கள். கடனைக் கட்ட அம்மா வெளியூரில் வேலைக்கு நின்றால் மூத்த பெண்பிள்ளைதான் வீட்டுக்கு அம்மா. அந்தப் பிள்ளையின் படிப்புக்கு முதல் எதிரி சமையல். அங்கே ரியூசன் காசைவிட, தம்பியை முன்பள்ளிக்கு அனுப்புவதுதான் உதவி.

வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று வரிசை பார்க்காதீர்கள். முதலாம் பிள்ளைக்கு உதவப் பத்துப் பேர் வருவார்கள். எட்டாவதாக வந்து, வரவில் மட்டும் குறையில்லாத பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். கச்சான் ஆயும் காலத்தில் வரவு விழுகிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். விழுந்தால் காசை நிறுத்தாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்.

6. காசு போகும் வழி

மாதாமாதம் ஒரே திகதியில், தாயின் அல்லது பாதுகாவலரின் வங்கிக் கணக்குக்கு. கையில் கொடுப்பதில்லை, மேடையில் கொடுப்பதில்லை. ரியூசன் காசை நிலையத்துக்கே கட்டலாம்; கட்டும்போது கட்டணத்தைக் குறைக்கக் கேளுங்கள், பல ஆசிரியர்கள் பாதி விடுவார்கள், சிலர் முழுதாகவே விடுவார்கள். ஒரு சாதாரண சி.ஆர். கொப்பியில் திகதி, பிள்ளையின் இலக்கம், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம் எழுதினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுத்தொகையைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுங்கள். பிள்ளைகளின் பெயர் அதில் வரக்கூடாது.

7. பிள்ளையின் பாதுகாப்பு

உதவி செய்கிறவர் பிள்ளையோடு தனியாகப் போனில் கதைப்பது, வட்ஸ்அப் குழுவில் படம் கேட்பது, விடுமுறைக்கு வந்தால் தனியாகச் சந்திப்பது எதுவும் கூடாது. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் கூடாது. முதல் நாளே எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். பிள்ளையின் முன்னேற்றத்தைக் குழு எழுதி அனுப்பட்டும். சந்தேகமான எதுவும் தெரிந்தால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

8. கம்பஸ் படலை

பிள்ளைகள் விழும் மூன்றாவது இடம் இது. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு, இசட் புள்ளியை (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப வரிசை போட்டு விண்ணப்பிக்கவேண்டும். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தொடர்பாடல் நிலையத்தில் இருக்கிறவர் நிரப்பிக் கொடுக்கிற வரிசையில் வாழ்க்கை போய்விடும். விண்ணப்பக் காலத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒரு கணினி, ஊரிலிருந்து முன்னர் போன இரண்டு மூன்று கம்பஸ் பிள்ளைகள், கையேடு, முந்திய வருட வெட்டுப்புள்ளிப் பட்டியல் இவ்வளவையும் ஒரு மேசையில் வைத்தால் போதும். செலவு தேத்தண்ணிக் காசுதான். எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவாக இவ்வளவு பயன் தரும் உதவி வேறில்லை.

வீட்டுக்குக் கிட்டவும் இடங்கள் உண்டு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பெண்பிள்ளையைத் தூர அனுப்பப் பயப்படும் வீட்டில் இந்தத் தகவலே பாதி வேலையைச் செய்யும்.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டம் மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாயாகக் கூட்டியது. ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் செல்லும். பயணம், தங்குமிட முற்பணம், பாய், வாளி, இரண்டு நல்ல உடுப்பு, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் அதற்கு முதலே வேண்டும். அம்மா தோட்டை அடகு வைப்பது இந்த இடத்தில்தான். உங்கள் 36 மாதக் கணக்கில் ஒரு தொகையை இதற்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளையின் உதவியைப் பெறுபேறு வந்த மாதத்தோடு வெட்டாதீர்கள். அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது, மாவட்டங்களில் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழோடு வெளியே வரும் மின்னியலாளருக்கோ வாகனத் திருத்துநருக்கோ வேலை கிடைப்பது இன்றைக்குப் பல பட்டதாரிகளைவிடக் கெதி. அங்கே தேவைப்படுவது பஸ் காசும் பாதுகாப்புச் சப்பாத்தும் ஒரு கருவிப் பெட்டியும்.

பல்கலைக்கழகம் போன பிள்ளையிடம் முதல் வருடம் எதையும் திருப்பிக் கேட்கவேண்டாம், நன்றிக் கடிதமும் கேட்கவேண்டாம். இரண்டாம் வருட விடுமுறையில் ஊருக்கு வரும்போது, தரம் 9க்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க நேரமிருக்கிறதா என்று கேளுங்கள். வந்தால் மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவை அவருக்கும் கொடுங்கள்.